தாளின் அடியில் ஒரு நம்பர்

இசைப்பிரியா அந்தக் கடையில் சேர்ந்தபோது ஆறு மாதம் என்றுதான் சொல்லிச் சேர்ந்தாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. நெய்வேலி மெயின் பஜாரில், பாத்திரக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் ஜாதகம் என்று நான்கு வரி எழுதிய போர்டின் கீழே உட்கார்ந்திருந்தாள். ஆன்லைன் விண்ணப்பம்தான் அவளை அதிகம் உறுத்தியது. வேலைக்கு மனுப் போட வருகிறவர்கள் விவரம் சொல்லச் சொல்ல இவள் டைப் அடிப்பாள். அடித்து முடித்து அவர்கள் போனதும் அதே மனுவைத் தனக்கும் ஒன்று போட்டுக்கொள்வாள். அப்படிப் போட்டது எத்தனை என்று ஒரு காலத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போது எண்ணுவதில்லை.

அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். அப்பா அய்யனார், நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிதறி விழுகிற மண்ணை வாரிப் போடுகிற வேலை. அதற்கு முன்னால் அவர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். சுரங்கத்துக்கு எடுத்ததில், நிலம் வைத்திருந்தவர்களுக்கு நிலம் போயிற்று. இவர்களுக்கு, வேலை செய்த நிலம் போயிற்று. அதைப் பற்றி அவர் பேசுவது கிடையாது. மகளைப் பற்றித்தான் பேசுவார். ஷிப்டில் கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால், "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்குது" என்பார். இசை அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவாள்.

விருத்தாசலத்தில் பிசிஏ படித்தாள். மார்க்கும் வாங்கினாள். போன ஜனவரியில் சென்னையில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. மூன்று சுற்று தாண்டி நான்காவதில் ஒருவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "ஒரு ஃபோல்டர் இருக்கும்மா. அதுக்குள்ள என்னென்ன ஃபைல் இருக்குன்னு உங்க புரோகிராம் எடுத்துச் சொல்லணும். எந்த லாங்குவேஜ்ல வேணா எழுதுங்க."

லேபில் அதை அவள் செய்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. ஆனால் அந்த நிமிடம் கை எழுதவில்லை. பேனாவைத் திறந்தாள், மூடினாள். கடைசியில், "கூகுள் பண்ணிக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

"பண்ணலாம். வீட்டுல" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை. பஸ்ஸில் வரும்போது, டீ ஆற்றும்போது, யாருடைய ஆதார் அட்டையையோ ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்க்கும்போது, திடீரென்று வரும். நான் படித்தேனா, இல்லை படித்த மாதிரி இருந்தேனா?

ஒரு புதன்கிழமை காலையில் ருக்குமணி அம்மா வந்தார். அறுபதை நெருங்கிய வயது. வடலூரிலிருந்து வெயிலில் பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. முதலாளி சசிகுமாரை அவருக்கு முன்பே தெரியும்.

"ஏம்பா சசி, உங்க பழைய மெஷின் இருக்குதா?"

"எந்த மெஷின்க்கா? இங்க நானே பழைய மெஷின்தான்."

"வெளாடாத. எம் பொண்ணு திலகவதிக்கு இங்கதான் ஜாதகம் போட்டோம். தொண்ணூத்தி ஏழுல. மஞ்ச பார்டர் போட்ட தாளு. அடியில ஒரு நம்பர் இருக்கும்."

அந்தத் தாளை இசைக்கும் தெரியும். கடையின் மூலையில், பழைய காலண்டர் கட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் பிளாஸ்டிக் உறை போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு சசிகுமார் வைத்த பெயர் 'தாத்தா'. அவருடைய மச்சான் அருண்பிரசாத் முப்பது வருடத்துக்கு முன்னால் பேசிக் மொழியில் எழுதிய ஜாதகப் புரோகிராம் அதில் இருந்தது. கட்டம் அச்சடித்த மஞ்சள் பார்டர் தாளைப் பிரிண்டரில் செருகினால், கிரகங்களையும் எண்களையும் கர்ர் கர்ர் என்று அதன்மேல் குத்தித் தள்ளும். மச்சான் இப்போது மஸ்கட்டில். போன் எடுப்பதில்லை. புது ஜாதகமெல்லாம் புது கம்ப்யூட்டரில்தான். வருடத்துக்கு ஒருவரோ இருவரோ பழைய தாள் கேட்டு வருவார்கள். அடியில் இருக்கிற நம்பரைச் சொன்னால் தாத்தா எடுத்துக் கொடுக்கும்.

"நம்பர் என்னக்கா?" என்றார் சசிகுமார்.

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்கிட்ட வர்றேன்? தாளையே காணோம்."

பிறகு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கணவர் மைன்ஸில் பர்மனென்ட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். மகளுடைய ஜாதகத்தை அவர்தான் பீரோவில் வைத்திருந்தார். மூன்று வரன் வந்தபோதும் அவரே போய்ப் பேசிவிட்டு, "பொருத்தம் சரியில்ல" என்று வந்துவிடுவார். அவர் போன பிறகு பீரோவை மூன்று தடவை கொட்டிக் கவிழ்த்தாயிற்று. கேஸ் புத்தகம் இருக்கிறது, மைன்ஸ் பாஸ் இருக்கிறது, ஜாதகம் இல்லை. திலகவதிக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. சென்னையில் வேலை. இப்போது அவளே ஒருவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். பையன் வீட்டிலும் சம்மதம். பையனின் அப்பாவும் மைன்ஸ் ஆட்களுக்குக் கட்டிய டவுன்ஷிப்பில் இருந்து ரிட்டையர் ஆனவர்தான். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இப்பப் போடற ஜாதகம்லாம் அவங்கவங்க இஷ்டத்துக்கு நேரத்தை மாத்திப் போட்டுக்கறாங்களாம். சசிகுமார் கடைத் தாளு இருந்தா கொடுங்க, அது போதும்ங்கறாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றாங்க."

"பொறந்த நேரம் சொல்லுங்கக்கா, புதுசா போட்டு, மஞ்ச தாள்ல அடிச்சித் தர்றேன்."

"நேரம்லாம் யாருக்குத் தெரியும்? எனக்கு இருந்த வலியில நான் கடியாரத்தையா பாத்தேன்? தூங்கிகினு இருந்தேன், திடீர்னு வலி. அவரு நைட் ஷிப்ட். எதிர் வூட்டு மரியசெல்வி அக்காவை எழுப்பி, அவங்க வூட்டுக்காரரு வண்டி புடிச்சாந்து, ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலைல ஷிப்ட் விட்டு அவரு அப்படியே வந்து நிக்கறாரு, சட்டையெல்லாம் கரி. நர்ஸம்மா புள்ளையைக் கையில தர மாட்டேன்னுட்டாங்க. கை கழுவிட்டு வான்னுட்டாங்க." சொல்லும்போதே சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

சசிகுமார் இசையைப் பார்த்தார். "மேடம், நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்கதானே? தாத்தாவைக் கொஞ்சம் பேச வையுங்க."

கிண்டல்தான். ஆனாலும் இசை எழுந்து போய் உறையைக் கழற்றினாள்.

தாத்தாவைப் போட்டதும் நேராக அந்தப் புரோகிராமுக்குள்தான் போகும். கறுப்புத் திரையில் ஃபைல் பெயர் கேட்டு ஒரு கேள்விக்குறி. சரியான பெயர் கொடுத்தால் திறக்கும். தப்பாகக் கொடுத்தால், அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதே கேள்விக்குறி. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அது தானாகச் சொல்லாது. கேட்கவும் வழியில்லை. திலகவதி என்று அடித்தாள், இல்லை. ருக்குமணி என்று அடித்தாள், இல்லை. பிறந்த தேதியை அடித்தாள், இல்லை.

உள்ளே எல்லாம் இருக்கிறது. பெயர் தெரிந்தவர்களுக்கு மட்டும் கதவு. டவுன்ஷிப் மாதிரியே என்று நினைத்தாள்.

பேசிக் என்கிற மொழி அவள் பாடத்தில் முதல் யூனிட்டில் ஒரு பத்தி. இரண்டு மார்க் கேள்வி. அவ்வளவுதான் பழக்கம். போனை எடுத்துத் தேடினாள். ஓடுகிற புரோகிராமை நிறுத்த இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினாள். திரை ஒரு வரியைத் துப்பி நின்றது. கீழே Ok என்று இரண்டு எழுத்து. அதன் பக்கத்தில் கோடு ஒன்று மினுக்கியது.

"என்ன, செத்துப்போச்சா?" என்றார் சசிகுமார்.

"இல்லண்ணா. இப்பத்தான் கேக்குது."

FILES என்று அடித்தாள்.

தாத்தா உறுமியது. பெயர்கள் நாலு நாலாக வரிசை கட்டி மேலே ஓடின. நிற்கவே இல்லை. இசை போனில் வீடியோ எடுத்தாள். போட்டுப் பார்த்தால் திரை முழுக்கக் கறுப்புப் பட்டைதான் தெரிந்தது. ஓட்டம் நின்றபோது கடைசித் திரை மட்டும் மிஞ்சியிருந்தது. 11B62, 9A140, 16C12, 20B7. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ சங்கேதம் என்று நினைத்தாள்.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த ருக்குமணி அம்மாவுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. "அட, இதெல்லாம் குவார்ட்டர்ஸ் நம்பரும்மா! பதினாறாவது பிளாக், சி டைப், பன்னெண்டாம் நம்பர். எங்க வரிசைதான் அது!"

இரண்டு வருடமாக இந்த ஊருக்குள் வந்து போகிறாள். அது தனக்குத் தோன்றவில்லையே என்று இசைக்குச் சுருக்கென்றது. ஆனால் எப்படித் தோன்றும்? இங்கே உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பிளாக்கும் நம்பரும் வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். அவள் ஊரில் வீட்டுக்கு நம்பர் இருப்பதே ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும்.

"அப்ப உங்க நம்பர் சொல்லுங்கம்மா."

"பதினாறு சி நாப்பத்தஞ்சு. இருபத்திரெண்டு வருஷம் இருந்தோம்ல."

16C45 என்று அடித்ததும் திறந்தது. மூவர் முகமும் மலர்ந்தது. உள்ளே செந்தாமரை என்று ஒரு பெயர், தொண்ணூற்றாறில் பிறந்த தேதி.

"இது யாரு?" என்றார் ருக்குமணி அம்மா. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓ, எங்களுக்கு முன்னாடி அந்த வூட்டுல இருந்தவங்க புள்ளை. அதுக்கு முன்னாடி நாங்க இருந்த வூட்டு நம்பரு நெனப்பு வரலம்மா" என்றார். வீடு நிற்கிறது, ஆட்கள் மாறுகிறார்கள். அருண்பிரசாத் ஆளுக்குப் பெயர் வைக்கவில்லை, வீட்டுக்கு வைத்திருக்கிறார். இசை கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ஒரே வீட்டில் பின்னால் குடிவந்தவர்களும் இங்கே வந்து ஜாதகம் போட்டிருந்தால், புதிது பழையதின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். அப்படியென்றால் திலகவதியுடையது இல்லாமலே போயிருக்கலாம்.

"நாளைக்கு மத்தியானம் வாங்கம்மா" என்றாள். "எல்லா ஃபைலையும் திறந்து தேதி பாக்கற மாதிரி ஒண்ணு எழுதறேன்."

"கிடைச்சிடும்ல?"

"கிடைக்கும்" என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று பஸ் ஏறும் வரைக்கும் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யாரோ எங்கேயோ பத்து வருடத்துக்கு முன்னால் எழுதி வைத்ததையெல்லாம் போனில் படித்துக்கொண்டே வந்தாள். சிக்கல் புரிந்தது. FILES பெயர்களைத் திரையில்தான் காட்டும், புரோகிராமின் கையில் கொடுக்காது. மனிதன் பார்த்துக்கொள்ளலாம், புரோகிராம் பார்க்க முடியாது. இதற்கு ஆட்கள் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்திருந்தார்கள். புரோகிராம் வெளியே ஆள் அனுப்பி, இயந்திரத்தையே கூப்பிட்டு, "பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி வை" என்று சொல்ல வேண்டும். அது எழுதி வைத்ததும், அந்த ஃபைலைத் திறந்து வரிவரியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஃபோல்டர் இருக்கும்மா, அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு உங்க புரோகிராம் எடுத்துச் சொல்லணும்.

அதே கேள்வி. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். மறுபடி எடுத்தாள்.

வியாழக்கிழமை கடை திறந்ததும் உட்கார்ந்தாள். பதினான்கு வரி. ஒவ்வொரு வரிக்கும் பத்து, இருபது, முப்பது என்று நம்பர் போட வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு வந்தார்கள், ஒரு பெண் பாஸ்போர்ட் போட்டோவுக்கு. எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பட்டியல் எழுதுகிற ஃபைலுக்கு PATTIYAL.JAT என்று பெயர் வைத்தாள். மற்ற ஜாதக ஃபைல்களுக்கும் அந்த மூன்றெழுத்து வால்தான். ஓட விட்டாள்.

முதல் ஓட்டத்தில் எல்லோர் பெயரும் தேதியும் திரையில் வரட்டும் என்று விட்டிருந்தாள். ஆயிரத்து முந்நூற்றுப் பதின்மூன்று பேர். அதில் ஒருவருடைய பெயர் 10A12.JAT, பிறந்த தேதி 10A31.JAT. இசை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பட்டியல் தன்னையே பட்டியலில் சேர்த்துக்கொண்டிருந்தது. புரோகிராமும் அதை ஒரு குழந்தை என்று நம்பி ஜாதகம் பார்க்கப் புறப்பட்டுவிட்டது. வாலை மாற்றி வேறு பெயர் வைத்து, பழைய பட்டியலை அழிக்க வழி தேடினாள். இந்த மொழியில் அழிப்பதற்குச் சொல் KILL. அடித்தாள். Ok என்றது தாத்தா. இவ்வளவு சுலபமா என்றிருந்தது. இப்போது ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

எண்ணிக்கையைக் கேட்ட சசிகுமாருக்குக் கண் விரிந்தது. "ஆயிரத்து முந்நூறு குடும்பமா! இத்தனை நாளா குப்பைன்னு நெனச்சிகினு இருந்தேனே. இரு இரு, போர்டு வைக்கறேன்." சாக்பீஸ் எடுத்து வாசல் கரும்பலகையில், 'பழைய ஜாதகங்கள் 1312, உடனடி நகல்' என்று எழுதியே விட்டார்.

அடுத்த ஓட்டத்தில் தேதியைக் கொடுத்தாள். 22-11-1997. தாத்தா ரொம்ப நேரம் முனகியது. இரண்டு வரி வந்தது.

20B7. BABY. இரவு பத்து நாற்பது.

4A118. BABY. விடியற்காலை மூன்று பத்து.

பெயர் வைக்கும் முன்னமே ஜாதகம் எழுத வந்துவிடுவார்கள். ஒரே நாள், ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு பெண் குழந்தைகள். இரண்டையும் திறந்து பார்த்தாள். கட்டத்துக்குக் கீழே செவ்வாய் தோஷத்துக்கு ஒரு வரி இருந்தது. 20B7-க்கு இல்லை. 4A118-க்கு உண்டு.

ருக்குமணி அம்மா மத்தியானம் வந்தார். இசை அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். "ரெண்டு கிடைச்சிருக்கும்மா. பதினாறாவது பிளாக்குக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

அவர் திரையைப் பார்த்தார். கை மெதுவாக எழுந்து, நாலு ஏ நூற்றுப் பதினெட்டின் மேல் கிட்டத்தட்டத் தொட்டது. உதடு அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று இசை காத்திருந்தாள். அப்போது சசிகுமார் பின்னால் நின்று, "அட, அதுல செவ்வா தோஷம் இருக்குதுபோல" என்றார்.

கை இறங்கிவிட்டது.

"மேல இருக்கறதுதாம்மா எங்களுது" என்றார் ருக்குமணி அம்மா.

"இருபதாவது பிளாக்குல இருந்தீங்களா?"

"இருந்தோம். கொஞ்ச நாளு."

"நேத்து நல்லா தூங்கிகினு இருந்தப்ப வலி வந்துச்சுன்னு சொன்னீங்களேம்மா. பத்து நாப்பதுக்குப் பொறந்திருந்தா, வலி சாயங்காலமே வந்திருக்கணும்."

அவர் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு இசையைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே சொன்னார். "அவருதான் கிழிச்சிருக்காரு. இப்பத் தெரியுது. மூணு வரனுக்கும் அவரே போயி, இல்லன்னுட்டு வந்தாரே... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, பாவி மனுஷன்."

சசிகுமார் இசையிடம் குரலைத் தணித்து, "மேலதையே போட்டுக் கொடுத்துடு. அதுவும் அன்னைக்குப் பொறந்த புள்ளைதானே? யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

இசை பிரிண்டரில் மஞ்சள் தாளைச் செருகினாள். கை நின்றது.

அவளுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. இரண்டு தாளும் அவளுக்கு ஒன்றுதான். ஒன்றில் ஒரு பெண்ணின் கல்யாணம் நடக்கும், இன்னொன்றில் நின்றுபோகலாம். நம்பிக்கை இல்லாத விஷயத்துக்கு நான் ஏன் உண்மை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் நேற்றிலிருந்து இத்தனை பாடுபட்டுத் தேடியது எது? எந்த ஃபைல் யாருடையது என்பதைத்தானே? கிடைத்த பிறகு அடுத்த வீட்டுப் பிள்ளையை எடுத்து நீட்டுவதென்றால், அதற்கு நேற்றே சசி அண்ணன் சொன்னபடி ஏதோ ஒரு நேரத்தைப் போட்டிருக்கலாம். அப்படியும் முழுக்கத் தெளியவில்லை. தன் பதினான்கு வரி சரியாக ஓடியது என்ற திமிரில், ஒரு தாயிடம் சட்டம் பேசுகிறேனோ என்றும் இருந்தது.

"அம்மா, அடியில நம்பர் விழும்" என்றாள். "பையனோட அப்பாவும் இந்த ஊர்தானே? நீங்க எப்ப இருபதாவது பிளாக்குல இருந்தீங்கன்னு கேப்பாரு."

"நம்பர் விழாம பண்ண முடியாதா?"

முடியும். எந்த வரியை எடுக்க வேண்டும் என்பதுகூட இப்போது அவளுக்குத் தெரியும். "திலகவதி அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

ருக்குமணி அம்மா ரொம்ப நேரம் தயங்கிவிட்டு மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது தெரிந்தா தெரியாமலா என்று இசைக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் அவசரக் குரல். "அம்மா, மீட்டிங்ல இருக்கேம்மா. கிடைச்சுதா இல்லியா?"

"ரெண்டு இருக்குதுடி. ஒண்ணு நல்லா இருக்குது. ஒண்ணு..."

"ரெண்டு எப்படிம்மா இருக்கும்? எது நம்மளுதோ அதை வாங்கிகினு வா. வைக்கிறேன்."

போன் அணைந்தது. ருக்குமணி அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சரி, போடு" என்றார் கடைசியில். எதை என்று சொல்லவில்லை. இசை 4A118 என்று அடித்தாள். தாத்தா கர்ர் கர்ர் என்று குத்தித் தள்ளியதை, அம்மா நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

"படிச்ச புள்ளைங்க ஒரு காரியத்தைக் கெடுக்கணும்னு நெனச்சா எவ்வளவு சுத்தமா கெடுக்குது பாரு" என்றார் சசிகுமார். அது கிண்டல் இல்லை.

வெள்ளியும் சனியும் இசைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை ஒருவருடைய வேலை மனுவில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயரை அடித்துவிட்டாள். போர்டைப் பார்த்து ஐந்தாறு பேர் பழைய தாள் கேட்டு வந்தார்கள். பிளாக் நம்பர் சொன்னார்கள், அவள் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தாள் வெளியே வரும்போதும், எதைத் திறந்துவிட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சசிகுமார் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். தோளில் லேப்டாப் பை, கையில் செருப்பு. வார் அறுந்திருந்தது.

"இங்க இசைப்பிரியாங்கறது?"

"நான்தான்."

"நான் திலகவதி. நாலு ஏ நூத்திப் பதினெட்டு."

இசை எழுந்துவிட்டாள். "உக்காருங்கக்கா" என்றாள்.

"பயப்படாதீங்க, சண்டைக்கு வரல. வெள்ளிக்கிழமை வந்தாங்க. தாளைப் பாத்தாங்க. அவரு அப்பா மரியாதையாத்தான் பேசினாரு. நாலாவது பிளாக்குல நாங்களும் இருந்தோம்னுகூடச் சொன்னாரு. காபி குடிச்சிட்டு, யோசிச்சிச் சொல்றோம்னு போயிட்டாங்க." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்கம்மா ரெண்டு நாளா எங்கிட்ட பேசல. நீதான் நம்மளுதை வாங்கிகினு வரச் சொன்னேங்கறாங்க."

"நான் வேற தாளைக் கொடுத்திருந்தா..."

"கொடுத்திருந்தா கல்யாணம் நடந்திருக்கும். அப்புறம் எவளோ ஒருத்தியோட ஜாதகத்தை வச்சிகினு நான் வாழ்ந்திருப்பேன். ஒரு தலைவலின்னாகூட, ஐயோ அந்தத் தாளுன்னு அம்மா பயந்திருப்பாங்க." சற்று நிறுத்தினாள். "அவரு வேணாம்னு சொல்லல. அவங்க அப்பாகிட்ட பேசிகினு இருக்காரு. நடந்தா பதிவுத் திருமணமா நடக்கும். நடக்கலன்னா நடக்கல. அது எங்க பாடு. ஆனா ஒண்ணு. வெளிய போர்டு பாத்தேன்."

இசைக்குப் புரிந்தது.

"நாளைக்கு அவங்க சித்தப்பா வருவாரு, அத்தை வருவாங்க. நாலு ஏ நூத்திப் பதினெட்டுன்னு சொன்னா நீங்க எடுத்துக் கொடுப்பீங்க. கொடுக்காம இருக்க முடியாது. அதை எடுத்துடுங்க."

"வீட்டுல ஒரு தாள் இருக்குதேக்கா."

"அம்மா எங்க வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் திலகவதி. முதல் தடவையாகச் சிரித்தாள். "எங்கப்பா பொண்ணு நான்."

இசை தாத்தாவைப் போட்டாள். அது எழுந்து வருவதற்குள் பல யோசனை. இது சசி அண்ணன் கடை, சசி அண்ணன் மெஷின், அவருக்குத் தெரியாமல். வியாழக்கிழமை ஒரு தாய் கெஞ்சியும் ஒரு வரியை எடுக்க மாட்டேன் என்றவள் நான். இன்று ஃபைலையே எடுக்கப்போகிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அது அடுத்தவளுடையதைத் தன்னுடையது என்று சொல்வது, இது தன்னுடையதை வேண்டாம் என்று சொல்வது. அப்படித்தான் தோன்றியது. சரியா என்று கேட்டால் சத்தியம் பண்ண முடியாது.

"வேற எங்கயும் நகல் இருக்காதா?"

"இருக்காதுக்கா. எடுத்தா எடுத்ததுதான். திரும்ப வராது."

"எடுங்க."

KILL என்று அடித்து, மேற்கோள் குறிக்குள் நாலு ஏ நூற்றுப் பதினெட்டை வைத்தாள். விரல் ஒரு நொடி நின்றது. தட்டினாள்.

Ok.

திலகவதி நம்பாமல் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

இசை அந்தப் பெயரைக் கொடுத்துத் தேடச் சொன்னாள். அப்படி ஒன்று இல்லை என்றது தாத்தா. திலகவதி எழுந்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடியே பக்கத்துக் கடைக்குப் போனாள். ஒட்டித் தருவார்களா என்று அவள் கேட்பது இங்கே கேட்டது.

திங்கட்கிழமை காலை சசிகுமார் உற்சாகமாக வந்தார். கல்யாணத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பார்போல. "இசை, அந்தப் பட்டியலை இன்னொரு தடவை ஓட விடு. நான் பிளாக் வாரியா தாள்ல அடிச்சி ஒட்டலாம்னு இருக்கேன்."

ஓட விட்டாள். வேறு வழியில்லை. கடைசியில் எண்ணிக்கை விழுந்தது.

"ஆயிரத்து முந்நூத்திப் பதினொண்ணா?" கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அன்னைக்குப் பன்னெண்டுன்னியே?"

"அன்னைக்கு எண்ணிக்கையில ஒரு தப்புண்ணா" என்றாள் இசை. "பட்டியல் எழுதற ஃபைல் தன்னையும் சேத்து எண்ணிடுச்சு. அதைச் சரி பண்ணிட்டேன்."

அப்படி ஒரு தப்பு நடந்தது உண்மைதான். அதைச் சரி செய்ததும் உண்மைதான். வியாழக்கிழமையே.

சசிகுமார் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "தன்னையே எண்ணிகிச்சா? நல்ல கதைதான்." வெளியே போய், கரும்பலகையில் கடைசியில் இருந்த 2-ஐக் கட்டைவிரலால் அழித்து, 1 போட்டார்.

இசை திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் முதல் ஆள் ஒரு வேலை மனுவை நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கி, பெயர் என்ன என்று கேட்டாள். அவர் சொன்னது காதில் ஏறவில்லை. அவள் மறுபடியும் கேட்டாள்.